அந்தம்மா சொன்ன என் பக்கம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதக் காலையில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் நடந்தது இது. நான் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டுகிறேன்.

அன்று எனக்குக் கிடைத்த சவாரி பெரிய சவாரி. செம்மண்டலத்தில் தங்கை வீட்டுக்கு வந்திருந்த ஒருவரைச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர் நம் நாட்டின் தூதராகப் பல நாடுகளில் இருந்தவர். தூதர் என்றால், பிள்ளைகளே, வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் நாட்டின் சார்பில் பேசுகிறவர். பிறகு டெல்லியிலும் பெரிய பதவிகளில் இருந்தாராம். “ஏற்கெனவே உன்மேல ரெண்டு புகார் இருக்கு. இன்னைக்கு ஏதாவது ஆச்சுன்னா சாவிய வச்சிட்டுப் போயிடு” என்று முதலாளி சொல்லித்தான் அனுப்பினார்.

வண்டியில் ஏறும்போது அவர் ஒன்று சொன்னார். எனக்குக் கதவு திறந்துவிட வேண்டாம், கை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன். மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

முதுநகர் தாண்டியதும், அத்தனை வருஷம் என்ன சார் வேலை பார்த்தீங்க என்று கேட்டேன். சிரித்தார். “பாதி நேரம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்குறதுதான்” என்றார். ஒரு தடவை சண்டைக்கார நாடுகள் இரண்டின் ஆட்கள், ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்றார்களாம். இவர் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்குமாக மூன்று நாள் நடந்தாராம். இந்த அறையில் சொன்னதை மாற்றாமல் அந்த அறையில் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம் என்றார். இதற்கா அவ்வளவு சம்பளம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுச்சத்திரத்தில் இளநீர் குடிக்கலாம் என்றார். ஓரமாக நிறுத்தினேன். பெரிய மனிதர் இறங்குவதற்குள் நாம் ஓடிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறக்க வேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் மரியாதை. பழக்க தோஷம். பின்னால் பார்க்காமல் என் கதவை டக்கென்று திறந்தேன். மொபெட்டில் மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா கதவில் மோதி விழுந்தார். முழங்கை சிராய்ந்துவிட்டது. சங்கரா மீனெல்லாம் மண்ணில் கிடந்தது.

முதலாளி முகம்தான் முதலில் கண்முன்னே வந்தது. வாய் தானாகப் பேசியது. “நான் கண்ணாடியப் பாத்துட்டுதான் தொறந்தேன். யாருமே இல்ல. நீதான் வேகமா வந்த.”

“ஓரமா, மெதுவாதான்யா வந்தேன். நீ எங்க பாத்த?” என்றார் அந்தம்மா.

இளநீர்க் கடைக்காரர் எனக்குப் பழக்கம். “வுடு மச்சான், நீ வண்டிய எடு” என்றார். நாலு பேர் கூடிவிட்டார்கள்.

தூதர் தன் கதவைத் தானே திறந்து இறங்கினார். கடையில் தண்ணீர் வாங்கி, அந்தம்மாவின் முழங்கையைக் கழுவச் சொன்னார். ரத்தம் நின்றதும் எங்கள் இருவரையும் பார்த்தார். நீ பொய் சொல்கிறாய் என்று என்னிடம் சொல்லவில்லை. “ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. இப்ப அவுங்க பக்கத்த நீங்க சொல்லுங்க. ஒங்க பக்கத்த அவுங்க சொல்லட்டும்” என்றார்.

“இது என்னா, பள்ளிக்கூடமா?” என்றார் அந்தம்மா. கூட்டம் சிரித்தது. ஆனாலும் அவரே முதலில் ஆரம்பித்தார்.

“கண்ணாடியில பாத்தாராம், யாரும் இல்லயாம். நான் வேகமா வந்துட்டனாம்.” கொஞ்சம் நிறுத்தி, என் வெள்ளைச் சட்டையையும் காரையும் தூதரையும் பார்த்தார். “பெரிய மனுசன் ஒக்காந்திருக்காரு, ஓடிப்போயி கதவத் தொறக்கணும்னு அவசரம். இல்லன்னா இவருக்குத் திட்டு வுழும். பாவம், பொழப்பு.”

நான் அதைச் சொல்லவே இல்லை. ஆனால் அதுதான் உண்மை.

அடுத்து என் முறை. “ஓரமாத்தான் வந்தாங்களாம். மெதுவாத்தான் வந்தாங்களாம். நான் கண்ணாடியப் பாக்கலயாம்...” அந்தம்மாவின் முழங்கையைப் பார்த்தேன். “பாக்கலம்மா” என்றேன்.

நான் மீனைப் பொறுக்கினேன். தூதரும் குனிந்து பொறுக்கினார். கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வளைந்த ஹேண்டிலை நேராக்கிக் கொடுத்தேன். “இனிமே பாத்துத் தொற” என்று சொல்லிவிட்டு அந்தம்மா கிளம்பினார்.

விழாவுக்கு அரை மணி நேரம் தாமதம். மேடையில் தூதர் மன்னிப்புக் கேட்டாரே தவிர, காரணம் என்று என்னைக் காட்டவில்லை. சாயங்காலம் திரும்பியதும் முதலாளியிடம் நானே நடந்ததைச் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது என் பிள்ளைகள் இரண்டும் ரிமோட்டுக்குச் சண்டை போட்டால், அவன் பக்கத்தை நீ சொல், அவள் பக்கத்தை நீ சொல் என்பேன். “அப்பா ஆரம்பிச்சிட்டாரு” என்று முனகுவார்கள். பாதி சொல்லும்போதே சிரித்தும்விடுவார்கள்.

அந்தத் தூதர் எத்தனை நாடுகளுக்கு நடுவே நடந்தாரோ எனக்குத் தெரியாது. முழங்கையில் காயத்தோடு நின்ற ஒரு அம்மா, என் பக்கத்தைச் சொல்லும்போது தானாகச் சேர்த்துக்கொண்ட அந்த ஒரு ‘பாவம்’தான் என்னைப் பொய்யிலிருந்து கீழே இறக்கியது என்பது மட்டும், ஒவ்வொரு தடவை கார்க் கதவில் கை வைக்கும்போதும் ஞாபகம் வருகிறது.