‘அப்பா’ சாதனத்தில் அனுமதி மறுக்கப்பட்டது

முதலில் அது திறக்கவில்லை, அவ்வளவுதான். பிரவுசரின் மேல் மூலையில் இருக்கும் சின்னப் பூட்டுப் படத்தை அழுத்தினால் ஒரு பெட்டி பளிச்சென்று தலையைக் காட்டும், நாம் என்னவென்று பார்ப்பதற்குள் மூடிக்கொள்ளும். வீட்டுக்குள் ஆள் இருந்துகொண்டே, நம்மைக் கண்டதும் திரையை இழுத்துவிடுவார்களே, அப்படி. எனக்குப் பொறுமை கிடையாது. லேப்டாப்பின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

“அடிச்சா தெறக்க அது என்ன பழைய டிவியாம்மா?” என்றாள் மகள்.

அந்தப் பூட்டைப் போட்டவர் என் வீட்டுக்காரர். மேலே தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். கோழிக்கூண்டுக்குக்கூட நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கும் மனிதர். மின்சாரக் கணக்கு, மகளின் ஈமெயில், என் பூச்செடிக் கடையின் பக்கம், எல்லாவற்றுக்கும் மனுஷர் வாயில் நுழையாத பாஸ்வேர்டாகப் போட்டு, அவற்றையெல்லாம் ஒரு பாஸ்வேர்ட் மேனேஜருக்குள் வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் சாவித்துரை. தோட்டத்தில் மேனேஜர் என்றால் துரைதானே.

“துரைகிட்ட ஒரே ஒரு பாஸ்வேர்டு சொன்னா போதும்லா, மத்ததெல்லாம் அவரு பாத்துக்குவாரு” என்பார். தன் கைப்பேசிக்கு மட்டும் பூட்டே போடமாட்டார். அது எப்போதும் தன் சட்டைப் பையில்தானே இருக்கிறது, அதற்கு எதற்குப் பூட்டு என்பது அவர் கட்சி.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் ஃபேக்டரியில் டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். போன் இல்லாமல் குளிக்கக்கூடப் போகாத மனுஷன் அது இல்லாமல் எப்படிப் போவார் என்று, சவப்பெட்டியை மூடும் முன் நானே அவருடைய சட்டைப் பையில் அதை வைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி வைப்பார்கள், மூக்குக்கண்ணாடி வைப்பார்கள். நான் போனை வைத்தேன்.

மகளுக்குக் கோலாலம்பூரில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியின் பக்கத்தில் போய் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அந்தப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்ட் சாவித்துரையிடம் இருந்தது. மறந்துவிட்டது என்று அழுத்தினால் ரகசிய எண் போய்ச் சேரும் இடம் அவருடைய போன். கல்லூரிக்குக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். எல்லாம் ஆன்லைனில்தான் கக், என்று அக்கா முறை போட்டு மலாயில் இனிமையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. விண்ணப்பம் போட்ட அன்றே அவள் அப்பாவிடம் கேட்டாள், இடம் கிடைத்தால் அனுப்புவீர்களா என்று. அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேன் கண்ணு” என்றார். யோசித்து முடிக்கும் முன்பே போய்விட்டார். அந்தப் பதில் வராமலே இருந்தது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. எனக்குத் தெரியும். நான் அதைத் தொடவில்லை.

புதன்கிழமை காலையில் ரிங்லெட் டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் பாயிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அணைத்துப் போட்டார், பிரவுசரைப் புதுப்பித்தார், பழைய குப்பையெல்லாம் துடைத்தார். பெட்டி எட்டிப் பார்த்து ஒளிவதை நிறுத்தவில்லை. கடைசியில், “எக்ஸ்டென்ஷனையே கழட்டிட்டு மறுபடி மாட்டணும்க்கா. பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குல்ல?” என்றார். இருந்தது. கழற்றி மாட்டினார்.

இந்தத் தடவை பெட்டி மூடிக்கொள்ளவில்லை. நின்று, தமிழில் பேசியது. எல்லாவற்றையும் தமிழில் வைத்திருந்தார் அவர். ‘இது புதிய சாதனம். “அப்பா” சாதனத்தில் அனுமதி கேட்கப்பட்டுள்ளது. காத்திருக்கவும்.’

“அப்பா யாருக்கா?” என்றார் பாய்.

“எரிச்சாச்சு” என்றேன். பாவம், அவர் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ‘பதில் இல்லை’ என்று வந்தது. இருக்காதுதானே. எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. லேப்டாப்பை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம், பனி இறங்கி எதிர்வீட்டு வேலி மறைந்த நேரம், மகள் சும்மா ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். “அம்மா” என்று கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போய்ப் பார்த்தேன்.

‘“அப்பா” சாதனத்தில் அனுமதி மறுக்கப்பட்டது.’

பதில் இல்லை என்பது வேறு. மறுக்கப்பட்டது என்பது வேறு. மறுப்பதற்கு ஒருவர் வேண்டும்.

“கோளாறுடி” என்றேன். மறுபடி அழுத்தச் சொன்னேன். காத்திருந்தோம். தகரக் கூரையில் பனித்துளி சொட்டுவது கேட்டது. பிறகு அந்த எழுத்துகள் வந்தன, அதே எழுத்துகள், இந்த முறை இன்னும் சீக்கிரமாக. என் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டதுபோல் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தேன். அவருடைய குளிர்சட்டைதான் ஆணியில் தொங்கியது.

வியாழக்கிழமை பகல் முழுக்க விட்டுவிட்டு முயன்றேன். ‘பதில் இல்லை.’ ‘பதில் இல்லை.’ கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் மறுபடி, ‘மறுக்கப்பட்டது.’ சட்டைப் பையின் பொத்தானை என் விரலால் போட்டது ஞாபகம் இருக்கிறது. பெட்டி நெருப்புக்குள் போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கேயிருந்து ஐயா மறுக்கிறீர்கள் என்று அவர் போட்டோவைப் பார்த்துக் கத்தினேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிசு.

மகள் கத்தவில்லை. லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

“விடும்மா. அப்பா சொல்லிட்டாரு.”

“என்னடி சொல்லிட்டாரு?”

“யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னாருல்ல. சொல்லிட்டாரு. போக வேணாமாம்.” அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, ஐயோ, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் லெம்பா பெர்த்தாமில் தக்காளி அடுக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமை போகிறேன் என்றாள். அவளை நான் திட்டினேன், அவரைத் திட்டினேன், துரையைத் திட்டினேன். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அது மண்டையில் உறைத்தது. பகலில் பதில் இல்லை, சாயங்காலம் பதில் இருக்கிறது. பேய்க்கு ஏது வேலை நேரம்? பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பது உயிரோடு இருக்கிற ஆள். போன் எப்படியோ எரியாமல் அந்த ஆள் கையில் இருக்கிறது. அது யாரென்றும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய தங்கை, என் நாத்தனார், மேலே தோட்டத்தில் தேயிலை வெட்டுகிறவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அண்ணனும் தங்கையும் பிறந்து வளர்ந்த தொழிலாளர் லயத்து வீட்டிலேயே இன்னும் இருந்தாள். பொய் என்பது அவள் வாயில் வராது. கொழுந்து நிறுக்கும் கணக்கரிடம், “ஈரமா இருக்கு கிராணியாரே, கழிச்சுப் போடுங்க” என்று தானே சொல்லி, கூட வெட்டுகிறவர்களிடம் ஏச்சு வாங்குகிறவள். கருமாதிக்குப் பிறகு அவள் கீழே வரவேயில்லை. கேட்டால் குளிர் என்பாள். பிறந்ததிலிருந்து இந்தக் குளிரில்தான் இருக்கிறாள்!

மகளிடம், “நான் போன் பண்ணதும் அந்தப் பூட்டை அமுக்கு. ஏன் எதுக்குன்னு கேக்காத” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். தோட்டத்துப் பாதையில் ஏறும்போதே பனி கண்ணாடியில் ஒட்டியது. இரண்டு பக்கமும் தேயிலை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மலை இருந்த இடத்தில் மலை இல்லை. லயத்துக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு ஏறிப் போனேன். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, சன்னல் திறந்திருந்தது. கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். ஏனோ கூப்பிடாமல், சன்னலுக்கு வெளியே நின்று மகளுக்குப் போன் செய்தேன்.

“அமுக்கு” என்றேன்.

உள்ளே ஒரு காமாட்சி விளக்கு மட்டும் எரிந்தது. அதன் பின்னால் இருட்டு. திடீரென்று அந்த இருட்டில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் எழும்பியது, அதில் என் வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. என்னை நேராகப் பார்த்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் மாலை போட்ட போட்டோ என்று புரிந்தது. அதன் கீழே அவருடைய போன், சார்ஜர் வயரோடு, வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தது. இருட்டிலிருந்து ஒரு கை அதை நோக்கி நீண்டது.

“தொடாதடி!” என்று கத்தினேன்.

அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

“பாக்கெட்ல போன் இருந்தா வெடிக்கும்னு, நீங்க வெளிய இருந்தப்ப எரிக்கிற ஆளு பெட்டியத் தெறந்து எடுத்து எங்கிட்ட குடுத்தான் அண்ணி. உங்ககிட்ட குடுக்கணும்னுதான்... மனசு வரல. வருசம் திரும்புற வரைக்கும் வெளக்கு அணையக்கூடாதுல்ல. இதுவும் அணையக்கூடாதுன்னு நெனச்சேன்.”

ஞாயிறுதோறும் அவர் வந்துபோன வீடு. அந்த வீட்டு வைஃபையை போன் மறக்காமல் வைத்திருந்திருக்கிறது.

“சரி, அதுல ஏன் மாட்டேன் மாட்டேன்னு அமுக்குன?”

“நான் எங்க மாட்டேன்னேன்?” கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்து நீட்டினாள். ‘இது நீங்கள்தானா?’ என்று கேட்டிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ‘ஆம், நான்தான்.’ ‘இல்லை, நான் இல்லை.’

“நீங்கதானான்னு கேக்குது. நான் இல்லையே அண்ணி. நான் எப்படி நான்தான்னு சொல்றது? அண்ணனைத்தானே கேக்குது. அதான் இல்லைன்னு அமுக்குனேன்.”

அவளை அறைவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கல்லூரி இட விஷயத்தைச் சொன்னேன், இன்றோடு முடிகிறது என்றேன், மகள் சொன்னதையும் சொன்னேன். அவள் இடிந்துபோய்த் தரையில் உட்கார்ந்தாள். “நானாடி அவளை மறிச்சேன்” என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இதற்குள் போனில் கேள்வி மறைந்திருந்தது. மகளை மறுபடி அழுத்தச் சொன்னேன். வெளிச்சம் வந்தது. ‘ஆம்’ என்பதன் மேல் விரலைக் கொண்டுபோனேன். அவ்வளவு பேசிய நான், அங்கே நின்றுவிட்டேன். நானும் இல்லையே. போட்டோ பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொருவர் இடத்தில் நின்று நான்தான் என்று சொல்வது, அவர் எழுந்துபோன நாற்காலியில் சூடு ஆறும் முன் உட்காருவதுபோல இருந்தது. நாத்தனார் என்னையே பார்த்தாள். மன்னிச்சுக்குங்க என்று அவரிடம் சொல்லிவிட்டு அழுத்தினேன்.

என் போனின் ஸ்பீக்கரில் மகள் கூப்பிட்டாள்.

“அம்மா... ‘அப்பா சாதனத்தில் அனுமதி வழங்கப்பட்டது’ன்னு வந்திருக்கு.” “தெறந்திருச்சும்மா. யாரு அமுக்குனது? நீ எங்க இருக்க?”

நான் வாயைத் திறந்தேன். நாத்தனார் என் போனைப் பிடுங்கினாள். பொய் சொல்லத் தெரியாதவள், ஈரக் கொழுந்தைக் கழிக்கச் சொல்கிறவள்.

“உங்கப்பாதான்டி சொல்லிட்டாரு” என்றாள். “போயிட்டு வா.”