ஆவணியில் வந்த இரண்டு திதி

தாரண வருஷம் ஆவணி மாதத்தில் ஒரே திதி இரண்டு முறை வந்தது. ஆங்கிலக் கணக்கில் அது 1944. ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம் என்பதால், அன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய ஜப்பானியக் காலண்டரில் 2604. மூன்றில் எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், என் எரிச்சல் அந்த மாதத்தில்தான் உச்சத்துக்குப் போனது. எனக்கு அப்போது பதினேழு வயது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையிலேயே நாலு வீடு தள்ளி அவர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலை. ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்ன அன்றே, வீட்டுக் கடிகாரத்தைத் தள்ளி வைத்த முதல் ஆள் அவர்தான். நான் யுத்தம் முடியும்வரை பழைய நேரத்தில்தான் சாப்பிட்டேன்.

சிப்பாய்களுக்குப் பயந்து அம்மா 1942லேயே என் தலைமுடியை ஒட்ட வெட்டி, அண்ணனின் காற்சட்டையை மாட்டிவிட்டாள். பயம் அவளுக்கு, எனக்கு அது விடுதலை. அண்ணனின் சைக்கிளும் என் கைக்கு வந்தது. தெருமுனையில் காவல் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் சொல்லியாக வேண்டும். நான் சாக்கடை ஓரமாகப் புகுந்து பின்பக்கம் போய்விடுவேன். அவர் நேராகப் போவார், குனிவார், நிமிர்வார். ஒருநாள் அப்படிக் குனிந்தவரைத்தான் சிப்பாய் கன்னத்தில் அறைந்தான். பொதுக் குழாயடியில் ஈரத் துணியைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்:

"குனிஞ்சீங்களே, அப்புறம் எதுக்கு அடிச்சான்?"

"சரியாக் குனியல போல."

"ஏன், முதுகுல கோணமானி வெச்சா பாக்குறான்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கன்னம் வலித்தது. எங்கள் விஷயம் அங்கே ஆரம்பித்தது.

1943 ஆவணியில் அவருடைய அப்பா மலேரியாவில் போய்விட்டார். காரியம் முடிந்தபின் என்னிடம் சொன்னார்: "ஒரு வருஷம் நல்ல காரியம் பேசக்கூடாது. தலைத்திவசம் ஆனதும் அம்மாவைக் கூட்டிட்டு வந்து உன்னைக் கேக்குறேன்." நானும் சரி என்றேன். துக்கம் காப்பது நியாயம்தானே.

ஆனால் அந்தக் காலத்தில் வயதுக்கு வந்த பெண்ணை ஒரு வருஷம் வீட்டில் வைத்திருக்கவே எல்லாருக்கும் பயம். நாள் பார்க்காமல்கூடப் பெண்களைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்கு என்னைக் கேட்டு ஆள் வந்தது. ஆவணி நடுவில் தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு. அம்மா மூலம் என் மனசு அப்பாவுக்குத் தெரிந்தது. அப்பா நல்லவர். "அதுக்கு முன்னாடி அந்தப் பையன் வீட்டுல வந்து கேக்கட்டும், பாப்போம்" என்றார். அவர் தன் அம்மாவோடு வந்து நின்றால் போதும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

யுத்தம் வந்ததிலிருந்து கப்பல் இல்லை. கப்பல் இல்லாததால் கடல் தாண்டிய சொந்த ஊரிலிருந்து பஞ்சாங்கமும் வரவில்லை. கோயில் ஐயர் நிலாவைப் பார்த்து எண்ணித்தான் திதி சொல்லிக்கொண்டிருந்தார். மலேரியாவில் போன அவருடைய அப்பாவின் திதி தேய்பிறைத் திரயோதசி, அதாவது பிரதோஷ நாள். ஆவணி பிறந்த கையோடு பிரதோஷம் வந்தது. கோயில் மணி கேட்டதுமே ஸ்டேஷனுக்கு ஓடி வரிசையில் நின்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்.

"இன்னைக்குத்தான் திதி. தெரியுமில்ல?"

"இது முதல் திதி. மாசக் கடைசியில இதே திதி திரும்ப வருது. ஒரே மாசத்துல ரெண்டு வந்தா ரெண்டாவதுலதான் கொடுக்கணும். ஐயர் சொல்லிட்டார்."

"மாசக் கடைசியில நான் கிள்ளான்காரர் பொண்டாட்டி."

"ஐயர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன்."

பின்னால் நின்ற பெரியவர் பொறுமை இழந்தார். "தம்பி, அந்தப் பொண்ணுக்கு ஒரு முடிவைச் சொல்லு, இல்ல எனக்கு டிக்கெட்டைக் குடு."

"கிள்ளானுக்கு ஒண்ணு கொடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எதற்கு என்று புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பாஸ் இருக்கா?"

ஊர் விட்டு ஊர் போக ஜப்பான்காரனின் அனுமதிச் சீட்டு வேண்டும்; என்னிடம் இல்லை. மறுநாள் விடியலில் சைக்கிளை எடுத்தேன். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தோம். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரிந்தது. வழியில் காவல் நின்ற இடத்திலெல்லாம் இறங்கிக் குனிந்தேன். ஒவ்வொரு குனிதலுக்கும் அவரைத் திட்டினேன்.

கிள்ளான் கடையில் பாதி அலமாரி காலி. மாப்பிள்ளை முப்பதைத் தாண்டியவர்; மரவள்ளி மாவு நிறுத்துக்கொண்டிருந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படி, "அண்ணே" என்றேன். "நான் பிரிக்பீல்ட்ஸிலேருந்து வரேண்ணே. நீங்க தாம்பூலம் மாத்த வர்றதா இருக்கே, அந்த வீட்டுப் பொண்ணு."

தராசுத் தட்டு அப்படியே நின்றது. என் மொட்டைத் தலையையும் காற்சட்டையையும் பார்த்தார். கடையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"மூணு தடவை அண்ணேன்னுட்ட" என்றார் அவர்.

"ரெண்டு தடவைதாண்ணே."

"இப்போ மூணு." தராசைக் கீழே வைத்தார். "ஊரு பாக்க அண்ணனாக்கிட்டுப் போற. இனி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தாம்பூலத்தோட வர்றது? போ தங்கச்சி, தண்ணி குடிச்சிட்டுப் போ."

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சம்பந்தம் போனதைவிட, அது போன விதம்தான் அவருக்குத் தாங்கவில்லை. நாலு வீடு தள்ளி இருந்தவரோ குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "பாஸ் இல்லாம போயிருக்க. பிடிச்சிருந்தா?" என்றார். நான் குடத்தை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

ஆவணிக் கடைசியில், இரண்டாவது திதியில், தலைத்திவசம் குறைவில்லாமல் நடந்தது. மறுநாள் வருவார் என்று காத்திருந்தேன். மறுநாள் புரட்டாசி பிறந்துவிட்டது. புரட்டாசியில் பெண் கேட்கக்கூடாதாம். அம்மா இதைச் சொன்னபோது தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன்.

ஐப்பசி முதல் தேதி காலையில் வந்தார்கள். அவர், அவருடைய அம்மா, கூடவே கோயில் ஐயர். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, இரண்டு வாழைப்பழம். என்னால் பட்ட அவமானத்துக்குப் பிறகு வேறு யாரும் வரமாட்டார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். உடனே சம்மதித்தார். அடுத்து முகூர்த்தம்.

ஐயர் தொண்டையைச் செருமினார். "திதியை நிலாவைப் பாத்துச் சொல்லிடலாம். முகூர்த்த லக்னம் அப்படி இல்ல. பஞ்சாங்கம் இல்லாம நான் குறிச்சுக் குடுத்து, நாளைக்கு ஒண்ணுன்னா? கப்பல் வரட்டுமே."

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். "சரிதான். கப்பல் வரட்டும்."

கப்பல் வரவேண்டுமென்றால் யுத்தம் முடிய வேண்டும். அது எப்போது முடியும் என்பது எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டிய நான் கூடத்துக்கு நடுவில் வந்தேன்.

"வர்ற வெள்ளிக்கிழமை" என்றேன். "காலையில, கோயில்ல. நான் போய் நிப்பேன். வர்றவங்க வரலாம். இனிமே நான் எந்தத் திதிக்கும் காத்திருக்கப் போறதில்ல. உங்களுக்காகவும் காத்திருக்கப் போறதில்ல."

"அடியே" என்றாள் அம்மா. அவருடைய அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முதலில் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு ஐயரை. அப்புறம்தான் என்னை. உதடு காய்ந்திருந்தது. அறை வாங்கிய அன்றுகூட அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமைன்னா" என்று இழுத்தார். "லீவுக்கு இன்னைக்கே எழுதிக் கொடுக்கணும்."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். தட்டில் பழம் அப்படியே இருந்தது.

அரை நாள்தான் லீவு கிடைத்தது. தாலி கட்டி முடித்ததும் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மத்தியான வேலைக்கு ஓடினார். கல்யாணச் சாப்பாடான மரவள்ளிக்கிழங்கை, மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து, நான் தனியாகத் தின்றேன்.