கமராவில் பார்த்தனான்

பாக்கியரத்தினம் முதலாளியைப் பற்றி எழுதத் தொடங்குமுன் கையை ஒருமுறை கழுவினேன். எழுதி முடித்ததும் இன்னொருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

திருகோணமலையில் உட்துறைமுக வீதியால் போகிறவர்கள் அவரைக் காணாமல் போக முடியாது. படகுச் சாமான் கடையின் வாசலில், பிளாஸ்டிக் கதிரையில், தொடைமேல் தொலைபேசியை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எடைபோட்டபடி இருப்பார். நைலோன் கயிறு, மிதப்பு, இயந்திரத்தின் உதிரிப்பாகம் என்று கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கடையில் உண்டு. கட்டியெழுப்பியவர் தகப்பன் தம்பிராசா. மகன் கட்டியெழுப்பியது அந்தக் கதிரையில் தன் உடம்பை மட்டும்தான்.

அவருடைய குணம் ஐந்தாம் வகுப்பிலேயே வெளிப்பட்டுவிட்டது. அவர் அப்போது மொனிற்றர். ஆசிரியர் இல்லாத நேரத்தில் கதைத்த பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவர் வேலை. ஒருநாள் அம்மை வருத்தத்தில் வீட்டில் படுத்திருந்த பையன் ஒருவனின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார். ஆசிரியர் கேட்டபோது, "அவன் வந்திருந்தா கட்டாயம் கதைச்சிருப்பான் சேர்" என்று சொன்னாராம். அன்றைக்கு வகுப்பே சிரித்தது. சிரித்திருக்கக் கூடாது. அழுதிருக்க வேண்டும்.

அறுபதை நெருங்கும் வயதில் அந்த மனிதரின் கையில் நான்கு கண்காணிப்புக் கமராக்கள் கிடைத்தன.

கமரா பூட்ட வந்தவன் ஓர்ஸ் ஹில்லில் சிறிய கடை வைத்திருக்கும் துவாரகன். பொறுமைசாலி. நான்கு கமராவையும் சுவர்களில் பூட்டி முடித்துவிட்டு, முதலாளிக்கு முன்னால் குந்தியிருந்து விளக்கினான்.

"அங்கிள், பதியிற படத்தைச் சேமிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, எல்லாம் இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளயே இருக்கும். மற்றது கிளவுட். இன்டர்நெட்டால போய் வேற இடத்தில சேரும். கள்ளன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் படம் தப்பும்."

"வேற இடமெண்டா எங்க?"

"சிங்கப்பூரா இருக்கலாம். அமெரிக்காவா இருக்கலாம்."

"ஏன், நான் கடையில இருந்து முதுகு சொறியிறதைச் சிங்கப்பூர்க்காரன் பாக்கோணுமோ?"

துவாரகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அவன் பாக்கமாட்டான் அங்கிள். பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆள்தான் பாக்கலாம். பெட்டி நிண்டுபோனா உடன உங்கட போனுக்கு அறிவிப்பும் வரும். என்னைக் கேட்டா ரெண்டையும் போடுங்கோ. பெட்டியும் இருக்கட்டும், கிளவுட்டும் இருக்கட்டும்."

"பாஸ்வேர்ட்டைக் கனடாவில இருக்கிறவனும் கேப்பானே?"

விஷயம் அங்கேதான் இருந்தது. கடையில் பாதிப் பங்கு கனடாவிலிருக்கும் தம்பி பிரகலாதனுடையது. தம்பி அங்கிருந்தபடியே கடையைப் பார்த்தால், அண்ணன் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்வதையும் பார்ப்பான்.

"எனக்குப் பெட்டி மட்டும் காணும்," என்றார் முதலாளி. "என்ர அலுமாரிக்குள்ள, என்ர பூட்டுத் திறப்புக்குக் கீழ இருக்கட்டும். அதில என்ன இருக்கெண்டு நான் சொன்னா அதுதான் கதை."

அந்தக் கடைசி வசனத்தைத் துவாரகன் கவனிக்கவில்லை. பெட்டியை முதலாளியின் மேசைக்குப் பின்னால் இருந்த அலுமாரிக்குள் வைத்து, வயரை இழுத்து, பழைய பதிவை எப்படித் திருப்பிப் பார்ப்பது என்று இரண்டு தடவை காட்டிக் கொடுத்தான். முதலாளி இரண்டு தடவையும் "ஓம், ஓம்" என்றார். ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்வதற்கு அவருடைய நாக்கு என்றைக்கும் பழகியதில்லை.

அன்றிலிருந்து ஒன்றரை வருடம் அந்தக் கடையில் ஒரே வசனம்தான். "கமராவில பாத்தனான்." தேத்தண்ணிக்குப் போனவர் பத்து நிமிடம் பிந்தி வந்தால், கமராவில பாத்தனான். கயிறு ஒரு முழம் கூட வெட்டுப்பட்டால், கமராவில பாத்தனான். உண்மையில் அந்த மனிதர் ஒரு நாள்கூடப் பதிவைத் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்கத் தெரியாது. ஊகத்தில் சொல்வார். முகம் வாடியவர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டுவார். ஏழைகளின் முகம் எதற்கும் வாடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அது அவருக்கு வசதியாக இருந்தது.

எல்சியின் முகம் மட்டும் வாடுவதில்லை.

எல்சி அந்தக் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறவள். கணவன் ஹெக்டர் படகோட்டியாக இருந்தவன். முதுகெலும்பு வருத்தத்தோடு வீட்டில் இருக்கிறான். எந்த ஆணி எந்தத் தட்டில் இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரியாது, எல்சிக்குத் தெரியும். வாடிக்கையாளர்களுக்கென்று கடை நடத்திய வட்ஸ்அப் குழுவில் புதுச் சாமான் வந்த செய்தியை எழுதுவதும், பிழையாய்ப் போட்டதை அழிப்பதும் அவள்தான். முதலாளிக்குப் படம் அனுப்பத் தெரியும், குரல் அனுப்பத் தெரியும். அவ்வளவுதான் அவருடைய படிப்பு.

நவராத்திரி வந்தது. நவமியன்று தொழில் செய்யும் கருவிகளைக் கும்பத்துக்கு முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி காலைப் பூசை முடியும்வரை அவற்றை யாரும் தொடுவதில்லை. வருடா வருடம் முதலாளி வீட்டில் தராசும் குறடும் கணக்குக் கொப்பியும் வைப்பார்கள். இந்த முறை முதலாளி யோசித்தார். கடையிலேயே பெரிய கருவி எது? புதன்கிழமை மத்தியானம் அலுமாரியைத் திறந்து, பெட்டியின் வயர்களைப் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்கு மேலேயிருக்கும் வீட்டுக்குப் போனார். சந்தனம் பூசினார். குங்குமம் வைத்தார். அடுப்படியில் நின்ற மனைவியிடம், "விலை கூடின சாமான் ஏதாவது கடையில இருந்து எடுத்து வையும்" என்று சொல்லிவிட்டு, எல்லாம் அடுக்கி முடிந்ததும் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டார். பிறகு படுத்துவிட்டார்.

கீழே கமராக்களில் சின்ன வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளிச்சம் எரிந்தால் பதிவாகிறது என்பது அவருடைய விஞ்ஞானம். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து வயர்களைப் பழையபடி செருகினார்.

சனிக்கிழமை காலை கண்ணாடி அலுமாரியில் ஒரு ஜிபிஎஸ் கருவி இல்லை என்று கண்டுபிடித்தார். நடுக்கடலில் படகுக்கு வழிகாட்டும் கருவி அது. நீலப் பெட்டியில் வருவது. கடையிலிருந்த சாமான்களில் விலை கூடியது. புதன்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டியவள் எல்சி. அவருக்கு அது போதும். எல்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் மனைவியையும் கேட்கவில்லை. தொலைபேசியை வாய்க்கு முன்னால் பிடித்துக் குழுவுக்குக் குரல் அனுப்பினார்.

"எங்கட கடையில களவு போயிருக்கு. எடுத்தது வெளியாள் இல்லை. பதினொரு வருசம் சோறு திண்ட எல்சிதான். கமராவில பாத்தனான்."

நூற்று நாற்பது பேர் கேட்டார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து கிண்ணியா வரைக்கும் படகு வைத்திருக்கிறவர்கள். அவர்களுடைய வீடுகளில் எல்சிக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரின் மீது ஒரு சோம்பேறி, கதிரையை விட்டு எழும்பாமலே, கரி பூசினான்.

எல்சி வெளியே தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அவளுடைய தொலைபேசியிலும் அந்தக் குரல் ஒலித்தது. துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"முதலாளி, நான் எடுக்கேல்லை."

"நாலு மணிக்குப் பொலிசுக்குப் போறன். அதுக்கு முன்னம் எடுத்தனான் எண்டு கையெழுத்து வைச்சுத் தந்தா, வேலையை மட்டும் விட்டிட்டுப் போகலாம். இல்லாட்டி உள்ள இருக்க வேண்டி வரும்."

"எடுக்காததை எடுத்தனான் எண்டு எழுத எனக்கு ஏலாது."

"கமராவில இருக்கு."

"அப்ப காட்டுங்கோ."

காட்டத்தான் அவருக்குத் தெரியாதே. பொலிசாரும், தொலைபேசியில் கேட்டபோது, பதிவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆகவே துவாரகனைக் கூப்பிட்டார். அந்த மனிதரின் மனதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். எல்சி எடுத்தாள் என்று அவர் தீர்மானித்துவிட்டார். தீர்மானித்த பிறகு அது பெட்டிக்குள் இருக்கத்தானே வேண்டும்!

மூன்று மணிக்குத் துவாரகன் வந்தான். கயிறு வாங்க வந்த கிண்ணியா முனீப், நாலு படகு வைத்திருக்கிறவர், ஊரார் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர், கயிறை மறந்து ஓரமாய் நின்றார். எல்சி நடுக்கடையில் நின்றாள். அவளுக்கு ஒரு கதிரை கொடுக்க முதலாளிக்குத் தோன்றவில்லை. முனீப்தான் இழுத்துப் போட்டார். அவள் அதில் அமரவில்லை.

"எத்தினை மணிக்கு எடுத்தவா அங்கிள்?" என்று துவாரகன் கேட்டான்.

"புதன் பின்னேரம் அஞ்சரை. சுத்திவரப் பாத்திட்டுப் பையுக்குள்ள வைக்கிறா. பாத்தனான்."

துவாரகன் பதிவைத் தேடினான். முன்னுக்குப் போனான். பின்னுக்கு வந்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"அங்கிள், புதன் பகல் பன்னிரண்டு பத்தோட பதிவு நிண்டிட்டுது. பிறகு வியாழன் காலமை ஒன்பதேமுக்காலுக்குத்தான் தொடங்குது. அஞ்சரைக்கு ஒண்டுமே இல்லையே."

"அழிச்சிட்டாளோ?"

"அழிச்ச மாதிரி இல்லை. பெட்டி வேலை செய்யவே இல்லை." அவன் பெட்டியைத் திருப்பினான். விரலை மூக்கருகே கொண்டுபோனான். "இதென்ன, சந்தனம்?"

எல்சி மெல்லத் தன் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள்.

"புதன்கிழமை நீங்கள் குழுவில போட்ட படம், முதலாளி. பெட்டிக்குப் பொட்டு வைச்சிருக்கினம் எண்டு நானும் ஹெக்டரும் சிரிச்சனாங்கள். நல்ல காலம், சிரிச்சபடியா ஞாபகம் இருக்கு."

துவாரகன் படத்தைப் பார்த்தான். முனீப்பும் எட்டிப் பார்த்தார். கும்பம், புத்தகங்கள், தராசு. நடுவில் வயர் ஒன்றும் இல்லாமல், குங்குமப் பொட்டோடு, அந்தக் கறுப்புப் பெட்டி.

"சாமி கும்பிடப் போன பெட்டி கீழ கள்ளனை எப்பிடிப் பாத்ததாம் முதலாளி?" என்றார் முனீப்.

முதலாளி பெட்டியிலிருந்த சந்தனத்தைப் பெருவிரலால் தேய்த்துத் துடைத்தார்.

எல்சி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அப்போதுதான் அவளும் அதைக் கண்டாள். தேங்காய்க்குப் பின்னால் ஒரு நீல மூலை. பதினொரு வருடமாய்த் தட்டில் அடுக்கித் துடைத்த பெட்டியின் மூலை அவளுக்குத் தெரியாமல் போகுமா? படிக்கட்டடிக்குப் போய், "அக்கா! பூசைக்கு வைச்ச சாமான் எங்க இருக்கு?" என்று கூப்பிட்டாள்.

முதலாளியின் மனைவி மஞ்சள் துணி முடிச்சோடு இறங்கி வந்தார். அவிழ்த்தார். நீலப் பெட்டி.

"இவர்தான் விலை கூடினதா ஒண்டு எடுத்து வையும் எண்டவர். மத்தியானம் எல்சி சாப்பிடப் போன நேரம் எடுத்தனான். மூண்டு நாளா என்ர அலுமாரிக்குள்ள கிடக்கு. என்ன, இதைத் தேடினனீங்களோ?"

"சொல்லியிருக்கலாமே!" என்று பாய்ந்தார் முதலாளி.

"என்னட்டை ஆர் கேட்டது?"

முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. முனீப் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த இடத்தில் மனிதனாய்ப் பிறந்த ஒருவன் என்ன செய்வான்? எல்சியின் முன்னால் கைகூப்பியிருப்பான். பாக்கியரத்தினம் நீலப் பெட்டியைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். "சரி சரி, சாமான் கிடைச்சிட்டுது. எல்சி, போய் வேலையைப் பாரும்," என்றார்.

"நூற்றிநாற்பது பேர் கேட்டவை முதலாளி."

"அது... சாமான் கிடைச்சிட்டுது எண்டு நீரே குழுவில எழுதி விடுமன்."

"நான் எழுதமாட்டன். கள்ளி எண்டு உங்கட வாயாலதானே சொன்னனீங்கள். உங்கட வாயாலயே சொல்லுங்கோ. நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு. சொல்லாட்டி நான் பொலிசுக்குப் போறன். முனீப் நானா சாட்சி வருவார்."

"வருவன்," என்றார் முனீப், கேட்பதற்கு முன்பே.

முதலாளி தொலைபேசியை எடுத்தார். முதல் முறை இருமினார், விட்டுவிட்டார். இரண்டாம் முறை "ஒரு சின்னப் பிழை" என்று தொடங்கினார். எல்சி தலையசைத்தாள். மூன்றாம் முறை, துவாரகனும் முனீப்பும் சொந்த மனைவியும் பார்த்து நிற்க, வியர்வை கழுத்தால் வழிய, சொன்னார்.

"எல்சி எடுக்கேல்லை. சாமான் எங்கட வீட்டிலதான் இருந்தது. நான் கமராவில ஒண்டும் பாக்கேல்லை. பொய் சொன்னனான்."

எல்சியின் தொலைபேசியில் அது வந்து விழுந்த சத்தம் கேட்டது. அவள் அதைக் கடைசிவரை கேட்டாள். பிறகு சாப்பாட்டுப் பெட்டியையும் குடையையும் எடுத்தாள். கடையைப் பூட்டும் திறப்பை மேசையில் வைத்தாள். அழுதாளா என்று நீங்கள் கேட்பீர்கள். வீதிக்கு இறங்கிய பிறகுதான் அழுதாள். அந்தக் கடைக்குள் ஒரு துளியும் விழ அவள் விடவில்லை.

"எங்கட படகுச் சங்கத்துக் களஞ்சியத்துக்கு ஆள் தேடுறம் தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டே முனீப் கயிறு வாங்காமல் அவள் பின்னால் போனார். துவாரகனும் கருவிப் பையைத் தோளில் மாட்டினான்.

"தம்பி, கொஞ்சம் நில்லும்," என்று மெதுவாய்க் கூப்பிட்டார் முதலாளி. "இந்தக் குழுவில இப்ப அனுப்பின குரலை எப்பிடி அழிக்கிறது?"

"எனக்குக் கமரா வேலைதான் தெரியும் அங்கிள்," என்றான் துவாரகன். "அழிக்கிறது எல்சி அக்காவுக்குத்தான் தெரியும். கூப்பிட்டுக் கேளுங்கோவன்."

அவர் கூப்பிடவில்லை. அந்தக் குரல் அழியாமல் இன்றைக்கும் அந்தக் குழுவில் இருக்கிறது. யாராவது புதிதாய் ஒரு படகு வாங்கிச் சாமானுக்குக் கடை தேடினால், கரையோர மீன்வாடியில் இருக்கிறவர்கள் முதல் வேலையாய் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள்.