வசம்பு தடவிய நாக்கு

இரண்டு வயது முடிந்தும் மகனுக்கு ஒரு சொல் வரவில்லை. "நீ வாய மூடினாத்தானே புள்ள கதைப்பான்!" என்று மாமி கேலி செய்வார். பேச்சு வரட்டுமென்று தினமும் காலையில் சுட்ட வசம்பை உரைத்து அவன் நாக்கில் தடவினேன். கசப்பில் முகத்தைச் சுளிப்பான். எனக்குச் சிரிப்பு வரும்.

கல்லடியில் கோயில் திருவிழா. வாவிக்கரையில் மணலை அளைந்துகொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வெடிக்கட்டு அதிர்ந்தது. மற்றப் பிள்ளைகள் அலறிக்கொண்டு தாய்மாரிடம் ஓடினார்கள். இவன் திரும்பவே இல்லை.

பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "தங்கச்சி, புள்ளைக்குக் காது கேக்குதா எண்டு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எல்லோரும் நாக்கைத்தான் பார்த்தோம்.

பிறவியிலேயே கேட்காது என்றார் டாக்டர். நேரத்தோடு வந்திருக்கலாமே என்றும் சொன்னார். இத்தனை காலமும் நான் பாடிய தாலாட்டெல்லாம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.