மனையாகிப்போன தக்காளிக் கொல்லை

அப்பாவின் ரத்தக் கொதிப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். உணவு ஆலோசனை சொல்லும் பெண், "தினமும் தக்காளி சேத்துக்குங்க, இதயத்துக்கு ரொம்ப நல்லது" என்றதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பெண்ணின் மேல் அல்ல. பக்கத்தில் சாதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் மேல்.

குருவிநத்தத்தில் ஆற்றை ஒட்டி எங்களுக்கு ஒரு தக்காளிக் கொல்லை இருந்தது. செடியைத் தொட்டாலே கையில் பச்சைக் கறை ஏறி, சோப்புப் போட்டாலும் போகாமல், பள்ளிக்கூடத்து நோட்டில்கூட அந்தக் காட்டமான வாசனை வீசும். மத்தியான வெயிலில் அம்மா நாலு பழத்தைப் பறித்துக் கையாலேயே பிசைந்து, உப்புப் போட்டு, பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டுப் பழைய சோற்றில் கலந்து தருவாள். சாறு முழங்கை வரை வழிய, நானும் தங்கையும் வரப்பிலேயே உட்கார்ந்து நக்கித் தின்போம். காய்ச்சல், வாய்ப்புண் என்று நாங்கள் படுத்ததாக நினைவே இல்லை.

அந்தக் கொல்லையை அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா மனைக்கு விற்றார். செடி முழுக்கப் பழமாக நின்றபோது ஜேசிபி வந்தது.

"பத்து நாளு பொறுங்கய்யா, பழத்தப் பறிச்சிக்கிறேன்!" என்று கத்திக்கொண்டு அம்மா குறுக்கே ஓடினாள். அப்பாதான் அவள் கையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் நிறுத்தினார். வண்டி ஏறி இறங்கியது, சக்கரமெல்லாம் சிவப்பு.

அன்று மத்தியானம் வெறும் புளிக்குழம்பு. ஒரு வாய் வைத்த அப்பா, "இன்னாடி, தக்காளி போடலையா?" என்று கேட்டார்.

அம்மா அவர் முன்னாலிருந்த தட்டைப் பிடுங்கினாள்.

"கொல்லையில நசுங்கிக் கெடக்குது. போயிப் பொறுக்கினு வாய்யா."