கொண்டா என்றொரு பெயர்

சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்த பவதாரணி, அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் தேனிப் பக்கம் சொந்த ஊரான போடிக்குத் திரும்பினாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள். அப்பா வருடக்கணக்கில் கிடந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கென்று உள்ளூரிலேயே ஒரு சோலி அமைந்துவிட்டிருந்தது.

எதிர்வீட்டு மலைச்சாமி ஜீப்பு ஓட்டுகிறவர். விடிவதற்குள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாக மலையேறுவார். போடிமெட்டுக்கு அந்தப்பக்கம், கேரளத்துப் பூப்பாறைச் சரிவுகளில், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஒரு மாத்திரை வாங்க அவர்கள் கீழே இறங்கினால் அன்றைய கூலி போச்சு. அதனால் மலைச்சாமியின் போன் ஓயாமல் அடிக்கும். “அண்ணே, சுகர் மாத்திரை கொண்டா.” “அண்ணே, புள்ளைக்கு யூனிபாரம் கொண்டா.” பாதியை அவர் மறந்துவிட்டுத் திட்டு வாங்குவார்.

பவதாரணி அவருக்காகத்தான் போனில் ஓடும் ஒரு ஆப்பை எழுதினாள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பொத்தானை அமுக்கிப் பேசினால் போதும். பேசியது அவளுக்கு வரும். அவள் கடைத்தெருவில் வாங்கிக் கட்டிப் பெயர் எழுதி, மேலே போகும் ஜீப்புகளில் ஏற்றிவிடுவாள். பெயருக்காக யோசிக்கவே இல்லை. எல்லாரும் பேசி முடிக்கிற சொல் கொண்டா. அதையே வைத்தாள். பெயரைப் பதிவு செய்துவைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஊர் வாயில் கிடக்கிற சொல்லை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

தொழில் நன்றாகவே நடந்தது. மலைச்சாமியோடு இன்னும் சில ஜீப்புக்காரர்கள் சேர்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்தாள். எந்த லயத்தில் யாருக்கு என்ன மருந்து என்பது அவளுக்கு மனப்பாடம். பேச்சி என்றால் அவள் புருஷன் ஒச்சப்பனுக்கான வலிப்பு மாத்திரை. மாதம் பிறந்தால் பேச்சியின் குரல் வந்துவிடும். “ஆத்தா, அவுகளுக்கு மாத்திரை தீரப்போகுது. மறந்துறாம கொண்டா.”

இதற்கிடையே பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனம் வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை தொடங்கி, அதற்குக் கொண்டா என்று பெயர் வைத்தது. அதே சமயத்தில் ஹைதராபாத்தில் அவர்களுடைய போட்டி நிறுவனமும் அதே பெயரில் ஒன்றை இறக்கியது. தெலுங்கில் கொண்டா என்றால் மலை. மலை மலையாகப் பொருள் கிடைக்கும் என்று அவர்களுக்கு அர்த்தம். இங்கிலீஷில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. பெங்களூர்க்காரர்கள் முந்திப் பதிவு செய்திருந்தார்கள். இரண்டு பேரும் டெல்லியில் வழக்காடத் தொடங்கினார்கள். இதெல்லாம் பவதாரணிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவளுக்கு முதலில் தெரிந்தது, ஆப்புகளை இறக்கிக்கொள்ளும் இணையக் கடையில் தன் ஆப்பு இல்லை என்பதுதான். பதிவு பெற்ற பெயரை அனுமதியில்லாமல் பயன்படுத்துவதாகப் புகார் வந்ததால் நீக்கியிருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது.

தேனியில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சட்டப்படி உன் பக்கம் நியாயம் இருக்கும்மா. அவுங்களுக்கு முன்னாடியே நீ இந்தப் பேர்ல தொழில் பண்ணியிருக்க. ஆனா அதை யார்கிட்ட போயி நிரூபிக்கிறது? டெல்லி வரைக்கும் போகணும். முடிய எத்தனை வருஷம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது.”

வெளியே காத்திருந்த மலைச்சாமி கேட்டார்: “என்ன தாயி சொல்றாரு?”

“நாமதான் சரின்னு சொல்றாருண்ணே.”

“பெறகென்ன?”

“வண்டிய எடுங்கண்ணே” என்றாள்.

ஏற்கெனவே போனில் ஆப்பு இருந்தவர்களுக்கு அது வேலை செய்தது. புதுப் போன் வாங்கியவர்கள் கொண்டா என்று தேடினால் பெங்களூர்க்காரர்களின் ஆப்புதான் வந்தது. நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். பேச்சியின் பழைய போன் மழையில் நனைந்து செத்துப்போனது. கடைக்காரன் புதுப் போனில் ஏற்றிக்கொடுத்த கொண்டாவில் அவள் பேசும் பொத்தானை அமுக்கி மாத்திரை கேட்டாள். அது ஆர்டரை ஏற்றுக்கொண்டது. வருகிறது, வருகிறது என்று வண்டிப் படம் காட்டிவிட்டு, கடைசியில் உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை என்று இங்கிலீஷில் எழுதி ரத்து செய்தது. அந்த இங்கிலீஷைப் படித்துச் சொல்ல லயத்தில் ஆளில்லை. அதற்குள் மாத்திரை தீர்ந்திருந்தது. அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஒச்சப்பனுக்கு வலிப்பு வந்து, வலது கை நெருப்புக்குள் போய்விட்டது.

தேனி பெரியாஸ்பத்திரிக்கு பவதாரணி ஓடினாள். கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்தபடி ஒச்சப்பன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பேச்சி கத்தவில்லை. அப்படிக் கத்தியிருந்தால் பவதாரணிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“ஒன்கிட்டதான ஆத்தா கேட்டேன். வருதுன்னு போட்டுச்சே.”

“அது நான் இல்லக்கா. அது வேற கம்பெனி.”

“கொண்டான்னுதான போட்டிருந்துச்சு.”

பவதாரணி எப்படி எப்படியோ விளக்கினாள். பேச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப ஒம்பேர அவுகளுக்கு ஏன் ஆத்தா குடுத்த?” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ஹைதராபாத் நிறுவனத்தின் ஆட்கள் அவளைத் தேடி போடிக்கே வந்தார்கள். வந்தவர்களில் தமிழ் பேசும் வக்கீல் அம்மா ஒருத்தி இருந்தாள். பெங்களூர்க்காரர்களின் பதிவை உடைக்க, அவர்களுக்கு முன்பே அந்தப் பெயரைப் பயன்படுத்திய ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார்.

“பேர் மேல உங்களுக்கு இருக்கிற உரிமையை எங்களுக்கு மாத்திக் கொடுத்துடுங்க மேடம். கேஸை நாங்க நடத்துறோம். ஜெயிச்சதும் உங்க மலைப் பகுதியில நீங்க பழையபடி இதே பேர்ல நடத்தலாம். ஒப்பந்தத்துலயே எழுதிடலாம்.”

மலைச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. “ரெண்டு யானை சண்டை போடுற எடத்துல நமக்கென்ன சோலி தாயி? வேற பேரு வச்சுப் பொழச்சுக்கிருவோம்.”

பவதாரணிக்குப் பேச்சியின் கேள்விதான் காதில் நின்றது. பெயரை மீட்காவிட்டால் அந்தத் தவறு மறுபடி நடக்கும் என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள். டெல்லிக்குப் போய் வாக்குமூலமும் கொடுத்தாள். பழைய ஆர்டர்களையும் பேச்சியின் பழைய குரல் பதிவுகளையும் சாட்சியமாகக் கொடுத்தாள். அங்கே யாருக்கும் அந்தத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் ஊருக்குத் திரும்புகிற ரயிலில், நெடுநாளைக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள்.

தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை. ஒருநாள் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்: இரண்டு நிறுவனங்களும் சமரசம் ஆகிவிட்டன. ஹைதராபாத்காரர்கள் பெயரை முழுசாகப் பெங்களூர்க்காரர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வேறு ஏதோ வாங்கிக்கொண்டார்கள். பெங்களூர்க்காரர்களுக்கும் இவ்வளவு தகராறு கண்ட பெயர் வேண்டாம் என்றாகிவிட்டது. ஆப்புக்குப் புதுப் பெயர் சூட்டிப் புது விளம்பரம் போட்டுவிட்டார்கள். கொண்டா அவர்களிடம் சும்மா கிடந்தது.

வக்கீல் அம்மாவைப் போனில் அழைத்தாள். பல முறை அடித்த பிறகுதான் அந்த அம்மா எடுத்தாள்.

“நான் அந்தப் பேரை வச்சுக்கலாம்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?”

“பேர் எங்ககிட்ட இருக்கிற வரைக்கும்னு இருக்கே மேடம். இப்ப அது எங்ககிட்ட இல்லையே.”

“அவங்களும்தான் அதைப் பயன்படுத்தலையே.”

“அவங்க பயன்படுத்தாம இருக்கிறது வேற, உங்களைப் பயன்படுத்த விடுறது வேற. சாரி மேடம்.” குரலில் வருத்தம் நிஜமாகவே இருந்தது. அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

பெங்களூருக்கு அனுமதி கேட்டு எழுதினாள், பதிலில்லை. வேறு பெயரில் ஆப்பை மறுபடி ஏற்றினாள். புதுப் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. ஒச்சப்பன் கதை லயம் லயமாகப் பரவியிருந்தது. போனை நம்பினால் கை போகும் என்று பழையபடி கூலியை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார்கள், அல்லது மாத்திரை இல்லாமலே இருந்துகொண்டார்கள். ஜீப்புக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மலைச்சாமிதான் கடைசி வரைக்கும் நின்றார். ஒருநாள் ஏற்றிவிட ஒரு பொட்டலம்கூட இல்லாதபோது, அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் அறையைக் காலி செய்தாள்.

இப்போது பவதாரணி ஒரு ஏலக்காய் வியாபாரியின் அலுவலகத்தில் ஏலச் சந்தையில் கணினி வழியாக விலை கேட்கிற வேலை பார்க்கிறாள். ஒச்சப்பனின் வெந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. தோட்டத்தில் அவருக்கு வேலை தருவதில்லை. பேச்சி ஒருத்தியின் கூலியில் குடும்பம் ஓடுகிறது. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் பேச்சி சிரிப்பாள், நலம் விசாரிப்பாள். மாத்திரைச் சீட்டைத் தானே கையில் வைத்திருப்பாள். வாங்கித் தருகிறேன் என்று பவதாரணி ஒருமுறை கை நீட்டியபோது, “வேணாம் ஆத்தா, நானே வாங்கிக்கிறேன்” என்று நகர்ந்துவிட்டாள்.

போன மாதம் தேனி வக்கீல் ஏதோ கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தார். “அஞ்சு வருஷத்துக்கு மேல அவுங்க அந்தப் பேரைத் தொடாம வச்சிருந்தா, பதிவை நீக்கச் சொல்லி மனுப் போடலாம்மா. அதுவரைக்கும் பொறு” என்றார்.

“அதுக்கப்புறம் அதை வச்சு நான் என்ன சார் பண்ணப்போறேன்?” என்றாள் பவதாரணி. அவர் பந்தியில் இடம் பிடிக்கப் போய்விட்டார். அவள் சாப்பிடாமலே வெளியே வந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.