சுவரில் சரியாக விழுந்த வெளிச்சம்

1. காலை ஆறேகால்

மார்கழி மாதம். பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லூர்துசாமி அண்ணன். காடாம்புலியூர்க்காரர். சொந்தமாக ஒரே ஒரு டிப்பர் லாரி வைத்துக்கொண்டு, அனல்மின் நிலையத்தில் சாம்பல் ஏற்றிப்போய், சாம்பலில் செங்கல் அறுக்கிறவர்களுக்குக் கொட்டிவிட்டு வருவார். நான்கு நாட்களுக்கு முன்புதான் அந்த லாரிக்கு ஹெட்லைட் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

"பாய், ஒரு ஆளு வுழுந்துட்டாரு. ஃபஸ்ட் ஷிஃப்ட்டுக்கு சைக்கிள்ல வந்துகினு இருந்தவரு. வண்டி அவர் மேல படல. லைட்டு கண்ண அடிச்சிடுச்சி, ஒண்ணும் தெரியாம பள்ளத்துல வுட்டுட்டேன்றாரு."

"அடி பெருசாண்ணே?"

"தோள்பட்டை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிட்டாங்க. நம்ம வண்டிய கேட்லயே நிறுத்தி வெச்சிட்டாங்க. நீ வா பாய்."

எனக்கு முதலில் வந்தது கோபம். மந்தாரக்குப்பத்தில் இருபது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிகல் கடை நடத்துகிறவன் நான். நான் வைத்த லைட் எதிரே வருகிறவன் கண்ணை அடிக்குமா? சைக்கிள்காரர் தூக்கக் கலக்கத்தில் விழுந்திருப்பார் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

2. செய்த வேலை

எச்.ஐ.டி. என்கிற பளீர் வெள்ளை லைட் கிட்டை லாரிக்காரர்கள் வாங்கிக் கண்டபடி மாட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. லூர்துசாமி அண்ணனும் அதைத்தான் கேட்டு வந்தார். பழைய பல்பின் மங்கல் வெளிச்சத்தில் ஒருநாள், ரோட்டோரம் நடந்துபோன ஆளைக் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கிறார். அந்த நடுக்கம் அவருக்கு விடவில்லை.

நான் மறுத்தேன். "அண்ணே, இது சாதா பல்புக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர். இதுல எச்.ஐ.டி. போட்டா வெளிச்சம் கண்ட பக்கம் செதறும். உங்களுக்குப் பகலாட்டம் இருக்கும், எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு அவிஞ்சிடும்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

மீட்டர் வைத்துப் பார்த்தால், இருபத்து நான்கு வோல்ட் லாரியில் பல்புக்கு வந்து சேர்ந்தது இருபத்தொன்றுதான். சுவிட்ச் வழியாகச் சுற்றிவரும் பழைய வயர் மீதியைத் தின்றுவிடுகிறது. பேட்டரியிலிருந்து நேராகப் புது வயர் இழுத்து, கரண்ட் குறையாமல் வர ரிலே போட்டேன். கறுத்த ரிஃப்ளெக்டரை மாற்றினேன். அதே வாட்ஸில் நல்ல பல்பு போட்டேன். பிறகு லாரியைக் கடைச் சுவருக்கு நேராக இருபத்தைந்து அடியில் நிறுத்தி, லைட் உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, டிம் வெளிச்சம் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருகி வைத்தேன். திருகிய இடத்தில் பெயிண்ட் பொட்டும் வைத்தேன், யாரும் நோண்டினால் தெரிவதற்காக.

இதில் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை என்றுதான் இருந்தேன்.

3. யார்டில்

அனல்மின் நிலையத்தின் சேஃப்டி ஆபீசர் சத்தம் போடாத மனிதர். அதுவே பயமாக இருந்தது. "இருட்டினதும் டெஸ்ட் பண்ணுவோம். தப்புன்னு தெரிஞ்சா கேட் பாஸ் கேன்சல். அப்புறம் இந்த வண்டி உள்ள வராது" என்றார். அந்தப் பாஸ் போனால் லூர்துசாமி அண்ணனுக்கு வேறு ஓட்டம் கிடையாது. காலையிலிருந்து ஒரு டீகூட அவர் குடித்திருக்கவில்லை.

சாயங்காலம் இருட்டியதும், சாம்பலை இறக்கி வைத்திருந்த லாரியை யார்டுச் சுவருக்கு எதிரே நிறுத்தினார்கள். நான் அளந்து கோடு போட்டேன். டிம் வெளிச்சம் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே, கச்சிதமாக விழுந்தது. பெயிண்ட் பொட்டு கலையவில்லை.

ஆபீசர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மெக்கானிக் வேலையில குறை இல்ல. அப்ப டிரைவர்தான் டிம் அடிக்காம ஹை பீம்ல வந்திருக்காரு."

"இல்ல சார், டிம்முலதான் வந்தேன். மாதா சத்தியமா."

"லைட்டு பொய் சொல்லாதுல்ல?"

லூர்துசாமி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாய், நீயாவது சொல்லு பாய்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மறந்திருப்பீங்கண்ணே" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டூல்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தேன். அப்போது சாம்பல் லோடுடன் வேறொரு டிப்பர் என்னைக் கடந்தது. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை அமுங்கி, வயிறு முட்டச் சோறு தின்றவன் போல வண்டி உட்கார்ந்திருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது.

கால் அங்கேயே நின்றுவிட்டது.

கடைச் சுவருக்கு எதிரே நான் நிறுத்தியது காலி லாரி. இங்கே நிறுத்தியதும் காலி லாரி. காலையில் அண்ணன் ஓட்டி வந்தது லோடு லாரி. எங்கள் கடைகளுக்கு வண்டி காலியாகத்தான் வரும். லோடோடு யாரும் ரிப்பேருக்கு வரமாட்டார்கள். அதனால் காலி வண்டியில் லைட் வைப்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். பழைய மங்கல் பல்பில் அந்தத் தப்பு வெளியே தெரியவில்லை. நான் வெளிச்சத்தைக் கூட்டினேன், தப்பும் கூடிவிட்டது.

அப்படியே போய்விடலாம் என்று தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். ஆபீசரே என் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். கேட் இருபது அடியில் இருந்தது.

திரும்பிப் போனேன். "சார், லோடு ஏத்திப் பாக்கணும்."

"எதுக்கு?"

"பாருங்க சார், அப்புறம் சொல்றேன்."

லோடர் மூன்று தடவை சாம்பலை அள்ளிக் கொட்டியது. ஒவ்வொரு தடவையும் சுவரில் வெளிச்சம் ஏறியது. கோட்டைத் தொட்டது, தாண்டியது, நான்கு விரல் மேலே போய் நின்றது. நான் எதிரே போய், சைக்கிளில் வருகிறவன் கண் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். கண்ணில் நீர் கொட்டியது. லாரியும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை.

"அவரு டிம்முலதான் வந்திருக்காரு சார். தப்பு என்னுது."

ஆபீசர் கோட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே விரல் வைத்து அளந்தார். "இத நீங்க சொல்லாம போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்று மட்டும் சொன்னார். லோடோடு வைத்தே ஸ்க்ரூவை இறக்கச் சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த பாஸைத் திருப்பிக் கொடுத்தார். லூர்துசாமி அண்ணன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் பேசவில்லை. பேசுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

4. மறுநாள்

விழுந்தவர் பெயர் ஏழுமலை. கான்ட்ராக்ட் தொழிலாளி. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. வலது தோள் எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு வீட்டில் படுத்திருந்தார். பழம் வாங்கிக்கொண்டு போய், நான்தான் அந்த லைட்டை வைத்தவன் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி கேட்டார்.

"லைட்டு வெச்சீங்களே, சரியா இருக்குதான்னு எப்டி பாத்தீங்க?"

"செவுத்துல அடிச்சிப் பாத்தேம்மா."

"செவுத்துக்குக் கண்ணு கூசுமாங்க?"

பழப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வெளிச்சத்தைக் கூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லோடு ஏற்றிய பிறகு ஸ்க்ரூவைத் தொடுங்கள். சுவரில் சரியாக விழுந்தாலும் வண்டியை அனுப்பிவிடாதீர்கள். எதிரே நடந்துபோய், சைக்கிள்காரன் உயரத்துக்குக் குனிந்து, உங்கள் கண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.